மஞ்சள் துணி கட்டிய சேவலும் மரத்தூள் அடுப்பும்

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரி திணறி நின்றது. அந்த நேரத்தில் கிளீனருக்கு ஒரே வேலைதான். கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து, வண்டி பின்னால் உருளும் முன் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். நான் குதித்தேன். கட்டையைக் கொடுத்தேன். குனிந்த இடத்திலேயே இருமல் வந்தது. கட்டையின் மேல் சிவப்பாக விழுந்தது.

வெற்றிலை என்று நினைத்தேன். அன்றைக்கு வெற்றிலையே போடவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"என்னடா அது?" என்றார் டிரைவர் தங்கவேல் அண்ணன்.

"ஒன்னுமில்லண்ணே. பல்லுல ரத்தம்."

"பல்லுல இவ்ளோ ரத்தமாடா வரும்? ஏறு."

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு பன்னும் என் துணிப்பையும் கையில் கொடுத்து இறக்கிவிட்டார். "சரியானதும் ரோட்டுல வந்து நில்லு. எடம் ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன். ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடை, மாண்டியாவில் கரும்பு வெட்டு, ஓசூரில் செங்கல் சூளை, பிறகு லாரி. எந்த ஊரிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. இதை எழுதும்போது அந்த நாளைக்கு எட்டு வருஷம் ஆகிறது. இதே நோய்க்கு இதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடது பக்கம் மேலே, காசு அளவுக்கு ஒரு வட்டம்.

"இது குழி" என்றார். (காசநோய்க் கிருமி நுரையீரலை அரித்து உண்டாக்கும் பொந்து.)

"எத்தனை நாள்ல சரியாகுங்க?"

"ஒன்றரை வருஷம்."

நான் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஓர் இடத்தில் இருப்பது எனக்கு ஒன்றரை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

டாக்டர் சிரிக்கவில்லை. "நாலஞ்சு மாசத்துல இருமல் நிக்கும். ஒடம்பு தேறும். அப்பத்தான் எல்லாரும் ஓடிப்போறாங்க. ஓடினவங்க திரும்பி வரும்போது இதே மருந்துக்கு நோய் கேக்கறதில்லை. நீங்க ஓடுவீங்களா?"

"ஓட மாட்டேங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

மருந்து மூன்று. ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி) ஞாயிறு தவிர தினமும், தொண்ணூறு எண்ணிக்கை. ஐசோனியசிட் (ஊசிக்குத் துணையான சின்ன வெள்ளை மாத்திரை). கடைசியாக பாஸ் (இதுவும் துணை மருந்துதான், ஆனால் கை நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டி எடுக்கும்). ஊசி போட்டால் காதில் வண்டு பறக்கும். பாஸ் போட்டால் சோற்று வாசனையே ஆகாது. எடை பார்க்கும் மேடையில் ஏறினேன். முப்பத்தொன்பது கிலோ.

"மருந்து பாதி, சாப்பாடு பாதி" என்றார் டாக்டர். "முட்டை, பால், கறி. எடை ஏறணும். ஏறலைன்னா ஊசியைத் தாங்க ஒடம்பு இருக்காது."

சாப்பிட வாயைத் திறந்தால் குமட்டுகிறது என்று சொன்னேன். "தெரியும். இருந்தாலும் சாப்பிடணும்" என்றார்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் என் அக்கா முனியம்மா வாழ்க்கைப்பட்டிருந்தாள். பத்து வருஷத்தில் நான்கு முறை பார்த்திருப்பேன். வாசலில் போய் நின்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் படித்துக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அதனால் எனக்குக் களத்தோரக் கொட்டகையைக் கொடுத்தாள். மாமா ஒரு கயிற்றுக் கட்டில் போட்டார். தினமும் மாலையில் அக்கா களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து கொட்டகைக்கு முன்னால் இருந்த பலகைக் கல்லில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பாள். நான் எடுத்துக்கொண்ட பிறகு போவாள். இதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் என்னைக் கண்டு பயப்படவில்லை, பிள்ளைகளுக்காகப் பயந்தாள். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படித் தள்ளி நின்றால் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

களி உருண்டையில் ஒரு கட்டை விரல் அளவு தின்பேன். மீதியைத் தின்ன ஒரு ஆள் இருந்தது. அக்காவின் சேவல். கருஞ்சிவப்பு நிறம், காலில் மஞ்சள் துணிக் கிழிசல். அந்தப் பக்கத்தில் கோழி கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நிறத் துணி கட்டுவார்கள். அக்கா வீட்டு நிறம் மஞ்சள்போல என்று நினைத்துக்கொண்டேன். நான் தட்டை எடுத்து வந்ததும் அது கட்டில் காலருகில் வந்து நிற்கும். இரண்டு மாதம் நான் இளைத்தேன், அது பெருத்தது. என் பங்கு முழுவதும் அதன் மார்பில் சேர்ந்துகொண்டிருந்தது.

தினமும் பஸ்ஸில் தர்மபுரிக்குப் போய் ஊசிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் ரஹீம் பாயைப் பார்த்தேன். என் வயதுதான். தர்மபுரியில் ஒரு மரவாடியில் தச்சர். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. நான் உட்காரப்போன இடத்தில் கையை வைத்து மறித்தார்.

"எத்தனாவது ஊசி?"

"முப்பத்திரண்டு."

"நான் நாப்பத்தொன்னு. சீனியருக்கு எடம் வுடு."

அன்றிலிருந்து பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். அவர் மனைவி பிள்ளைகளோடு கிருஷ்ணகிரியில் தாய் வீட்டில் இருந்தார். நோய் தீரும்வரை வர வேண்டாம் என்று இவரே அனுப்பியிருந்தார். சமையல் தனியாக.

"டாக்டர் கறி தின்னுங்கறாரு" என்றேன். "வேக வெக்க அடுப்பு மூட்டணும். புகைல ரெண்டு இருமு இருமினா ரத்தம். ஊதவும் மூச்சு இல்ல."

"யாரு ஊதச் சொன்னா? நாம ஊதுகுழலை எடுத்தா அடுப்பு பத்தறதுக்கு முன்ன நம்ம வெளக்கு அணைஞ்சிரும்" என்றார் பாய். "மரத்தூள் அடுப்பு இருக்குதுல்ல? ஊதவும் வேணாம், கிட்ட ஒக்காரவும் வேணாம். எங்க வூட்ல ஆட்டுக்கால் பாயா அதுலதான் வேவும். அஞ்சு மணி நேரம். எலும்பே ஸ்பாஞ்சு மாதிரி ஆயிரும்."

அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பசிக்கவில்லை. ஆனால் குமட்டவும் இல்லை. அது எனக்குப் பெரிய செய்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் ஒரு சாக்கு மரத்தூளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் சாக்குக்கு ஒரு டிக்கெட் போடப்போனாராம். "இதுவும் டி.பி. பேஷண்டுதான், கிட்ட வராதீங்க" என்றாராம் பாய். கண்டக்டர் டிக்கெட்டை விட்டுவிட்டார்.

அடுப்பு செய்வது இப்படி. பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்று. மேல் தகட்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். அடியில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு உருட்டுக் கட்டையைப் படுக்க வைத்து, நடுவில் இன்னொரு கட்டையை நிறுத்தி, இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்படி பிடித்து, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இடிக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூள் பிடித்துக்கொள்ளும். விளிம்புவரை இடித்ததும் கட்டைகளைத் திருகி மெதுவாக உருவினால் நடுவில் ஒரு குழாய், அடியில் ஒரு வாசல். வாசலில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி வைத்தால் நெருப்பு குழாயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். சுவாலை அடங்கி, தூள் உள்ளிருந்து வெளியே, வட்டம் வட்டமாகக் கனியும். ஆரம்பத்தில் கொஞ்சம் புகையும். பிறகு அதுவும் இல்லை. காலையில் வைத்தால் பிற்பகல்வரை அது பாட்டுக்குக் கனிந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒரு சட்டம். அசைக்கக் கூடாது.

முதல் ஞாயிறு வெறும் அவரைக்கொட்டையும் வெங்காயமும் போட்டோம். பாய் கட்டிலில் தூங்கிவிட்டார். நான் எத்தனை நேரம் ஒரு டின்னையே பார்த்துக்கொண்டிருப்பது? நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். லாரியில் டீசல் இருக்கிறதா என்று டாங்கியைத் தட்டிப் பார்ப்பது போல டின்னை ஓர் உலுக்கு உலுக்கினேன். உள்ளே பொத்தென்று சத்தம். குழாய் சரிந்து மூடிக்கொண்டது. நெருப்பு செத்தது.

பாய் எழுந்து வந்து பார்த்தார். "அரே, கை சும்மா இருக்காதா ஒனக்கு? ஒன் குழியை ஒலுக்கிப் பாக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரா?"

அவரைக்கொட்டை கல்லாகவே இருந்தது. சேவல்கூடத் தின்னவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் மாமா வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார். "டேய் மாது, கறி திங்கச் சொன்னாருன்னியே, ஒரு கோழியைப் புடிச்சு அடிச்சுக்கடா. உங்கக்கா கிட்ட நான் சொல்லிக்கறேன்." இப்படிச் சொன்னவர் அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டார். அது பிறகுதான் தெரிந்தது.

மறு ஞாயிறு காலை பாய் வந்துவிட்டார். களத்தில் ஏழெட்டுக் கோழிகள் மேய்ந்தன. நான் ஒரு வெடைக்கோழியை நோக்கிப் போனேன். நாலு எட்டு ஓடியதும் மூச்சு நின்றது. பாய் ஆறு எட்டு ஓடினார், சீனியர் அல்லவா, பிறகு அவரும் முழங்காலில் கை வைத்து நின்றார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நல்ல நுரையீரல் தேறும். அதை வைத்துக்கொண்டு கோழி பிடிக்க முடியாது.

ஆனால் ஒன்று மட்டும் ஓடாமல் நின்றது. தட்டு வரும் என்று என் காலடியிலேயே நின்றது. மஞ்சள் துணிச் சேவல். நான் குனிந்து தூக்கினேன். அது என் கையில் சாய்ந்துகொண்டது. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மார்பில் இருப்பதெல்லாம் என் களிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பாய் தன் வழக்கப்படி பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் வாட்டினோம். முற்றிய சேவல். எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டினோம். மண்சட்டியில் நல்லெண்ணெய், இரண்டு கை சின்ன வெங்காயம் உரித்து முழுசாக, ஒரு பூண்டு பல் பல்லாக, இஞ்சி தட்டிப் போட்டது, நான்கு தக்காளி. இரவே ஊற வைத்துத் தோல் பிதுக்கிய அவரைக்கொட்டை ஒரு சொம்பு. மிளகாய் வயிற்றுக்கு ஆகாது என்பதால் மிளகும் மல்லியும் சீரகமும் அம்மியில் கரகரப்பாக நுணுக்கியது. பாய் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து இரண்டு பட்டை, நான்கு கிராம்பு போட்டார். கல் உப்பு. எல்லாம் முழுகத் தண்ணீர். மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றிக் கேழ்வரகு மாவைப் பிசைந்து திரித்து அடைத்தோம். ஆவி வெளியே போகக் கூடாது. காலையிலேயே இடித்துப் பற்ற வைத்திருந்த அடுப்பின் மேல் சட்டியைத் தூக்கி வைத்தோம்.

"இனிமே தொறக்கக் கூடாது. கிண்டக் கூடாது. டின்னைத் தொடக் கூடாது" என்றார் பாய். "நீ என் பக்கத்துல ஒக்காரு. கையை மடியில வையி."

நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது மணி நேரத்தில் சட்டிக்குள் ஒரு முனகல் கேட்டது. நெருப்பு உயிரோடு இருக்கிறது! எழுந்து நின்று பாயிடம் சொன்னேன். "ஒக்காரு" என்றார். மூன்றாவது மணி நேரத்தில் மாவு காய்ந்து ஓரிடத்தில் மயிரிழை அளவு வெடித்தது. அந்த வெடிப்பு வழியாக வாசனை வந்தது.

எப்படிச் சொல்வது? இரண்டு மாதமாக உணவின் வாசனை எனக்கு எதிரியாக இருந்தது. இது அப்படி மோதவில்லை. மெல்ல வந்தது. முதலில் மிளகு. அதன் பின்னால் பட்டை. பிறகு, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எலும்பிலிருந்து இறங்கும் அந்த நெய் மணம். வாயில் எச்சில் ஊறியது. ஊறியதை விழுங்கினேன், மறுபடியும் ஊறியது. எங்கிருந்தோ உறுமும் சத்தம் கேட்டது. சேலம் ரோட்டில் லாரி போகிறது என்று நினைத்தேன்.

பாய் என் வயிற்றைப் பார்த்தார். "அது ஒன்னோட சத்தம்தாம்ப்பா" என்றார்.

பசி! என் சொந்தப் பசி, இரண்டு மாதம் எங்கோ ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாய், தொறக்கலாமா?" "இன்னும் ரெண்டு மணி நேரம்." "ஒரு துண்டு மட்டும்?" "தொறந்தா ஆவி போயிரும். ஒக்காரு." அந்த இரண்டு மணி நேரம் போல நீளமானதும் இன்பமானதும் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

மாவை உடைத்துத் திறந்தபோது மேலே பொன்னிறமாக எண்ணெய் மிதந்தது. வெங்காயம் கரைந்து காணாமல் போயிருந்தது. முற்றிய சேவல் கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. முந்தின நாள் களி இரண்டு உருண்டை இருந்தது. பாய் அரை உருண்டை எடுத்துக்கொண்டார். மீதி ஒன்றரையையும் நானே தின்றேன். பல்லுக்கு வேலையே இல்லை. குழம்பு தொண்டையில் இறங்கி, நெஞ்சைக் கடந்து, வயிற்றில் போய் உட்கார்ந்தது. குமட்டவில்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சினேன். விரலை நக்கினேன். தட்டை நக்கினேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா மாலைக் களியோடு வந்தாள்.

வழக்கமான பத்தடியில் நின்றாள். இறகுக் குவியலைப் பார்த்தாள். அதன் மேல் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள்.

"டேய்! எதைடா அறுத்த?"

"சேவலைத்தான்க்கா. மாமாதான் அடிச்சுக்கச் சொன்னாரு."

"அட பாவி! அது முனியப்பனுக்கு நேந்துவுட்டதுடா! நீ பொழச்சு எழுந்தா வெட்டறேன்னு ஒனக்குத்தான்டா நேந்துவுட்டேன்! காலுல மஞ்சத்துணி கட்டியிருந்தேனே, கண்ணு தெரியலையா?"

"உங்க வூட்டு அடையாளம்னு நெனச்சேன்."

"எங்க வூட்டு அடையாளம் பச்சைடா!"

அப்போதுதான் மற்ற கோழிகளைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. ஓடிக்கொண்டே இருந்ததால் கவனிக்கவில்லை. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று அவள் மாமாவிடம்கூடச் சொல்லவில்லையாம்.

பாய் எழுந்து நின்றார். "அக்கா, அறுத்தது நான். குத்தம்னா அது எனக்கு."

"உங்களுக்கு எதுக்குங்க பாய்? உங்க சாமிக்குப் பதில் சொல்லவே உங்களுக்கு நேரம் பத்தாது" என்றாள் அக்கா. பிறகு என் தட்டைப் பார்த்தாள். தட்டு கழுவி வைத்தது போல இருந்தது. பலகைக் கல்லைப் பார்த்தாள். நேற்றைய மிச்சம் எதுவும் இல்லை.

"நேத்து வெச்ச களி எங்க?"

"தின்னுட்டேன்."

"சேவலுக்குப் போடலையா?"

"சேவல் ஏதுக்கா?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள்: "இந்தக் களியும் வேணுமாடா?"

"வேணும்க்கா" என்றேன்.

மறுநாள் கல்லின் மேல் களித் தட்டோடு ஒரு கூடையும் இருந்தது. கூடைக்குள் ஒரு சேவல் குஞ்சு. என் உள்ளங்கையில் அடங்கும். காலில் புது மஞ்சள் துணி.

"இதை நீதான் வளக்கணும். இது பெருசாயி, கூவி, நீயே தூக்கியாந்து முனியப்பன் முன்னால வெட்டணும். அதுவரைக்கும் இந்த ஊரைத் தாண்டக் கூடாது. இது சாமி காரியம், வெளையாட்டு இல்ல, சொல்லிப்புட்டேன்."

டாக்டர் சொன்னதைவிட இது எனக்கு உறைத்தது.

சேவல் குழம்பு என் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லவில்லை. தீர்த்தது ஊசியும் மாத்திரையும்தான். ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் மருந்தைத் தாங்கினேன். பாஸை வெறும் வயிற்றில் போடாமல் நன்றாகச் சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறைகிறது என்று கண்டுகொண்டேன். நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஞாயிறுதோறும் அடுப்பு இடித்தோம். கோழி கிடைக்காத வாரம் எலும்பு, அதுவும் கிடைக்காவிட்டால் அவரைக்கொட்டையும் முட்டையும். நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. எடை மேடையின் முள் நகர்வதைப் பார்க்க நான் திருவிழாவுக்குப் போவது போலப் போனேன். தொண்ணூறு ஊசி முடிந்தது. இருமல் நின்றது. படத்தில் குழி சுருங்கியிருந்தது.

எல்லாரும் ஓடிப்போவார்கள் என்று டாக்டர் சொன்ன கட்டம் அதுதான். ஆறாவது மாதம் எனக்கு நோயே இல்லை என்று தோன்றியது. கால் அரித்தது. சேலம் ரோட்டில் போகும் ஒவ்வொரு ஹாரனும் என் பெயரைச் சொல்வது போலிருந்தது. ஒரு நாள் காலை மூன்று ஹாரன், ஒரு நீளம், இரண்டு குட்டை. தங்கவேல் அண்ணன். துணிப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அன்றைக்கு நான் ஓடத்தான் போனேன். மாத்திரைப் பொட்டலத்தைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"அடேயப்பா, கன்னம் வெச்சிருச்சே! ஏறு, மைசூர் லோடு. எறக்கிட்டு அப்படியே சேலத்துக்கு வரணும்" என்றார் அண்ணன்.

ஒரு காலைப் படியில் வைத்தேன். பேச்சுவாக்கில், சேவல் தின்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். புதுக் குஞ்சு வளர்கிறது என்றதும் சிரிப்பு நின்றது.

"இன்னும் வெட்டலையா?"

"அது இன்னும் கூவவே ஆரம்பிக்கலண்ணே."

"எறங்கு."

"அண்ணே?"

"எறங்குடா கீழ! முனியப்பனுக்குக் கோழி பாக்கி வெச்சிருக்கவனை ஏத்திக்கிட்டு நான் தொப்பூர் கணவாய் எறங்கறதா? எனக்கு மூணு பொண்ணுங்க இருக்குதுடா!"

அந்தப் பாதையில் லாரி ஓட்டுபவர்கள் கணவாய் இறங்கும் முன் முனியப்பனுக்குத் தேங்காய் உடைக்காமல் போக மாட்டார்கள். எத்தனையோ வண்டிகள் அங்கே கவிழ்ந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் பையைத் தூக்கி ரோட்டோரம் போட்டார். "வெட்டிப்புட்டு வா" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தார். நான் புழுதியில் நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன். குஞ்சு, அப்போது அது பாதிச் சேவல், கொட்டகை வாசலில் நின்றிருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

ஆகவே நான் மன உறுதியால் பிழைத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னை லாரியிலிருந்து தள்ளிவிட்டார்கள்.

தள்ளிவிட ஆளில்லாதவர் ரஹீம் பாய். ஏழாவது மாதம் ஓசூரில் பெரிய வேலை என்று போனார். மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம். மாத்திரை தீர்ந்ததும் வாங்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரி பெஞ்சருகே பார்த்தேன். மறுபடியும் கன்னம் ஒட்டியிருந்தது. வேறு மருந்து, முதல் எண்ணிலிருந்து.

பக்கத்தில் உட்காரப்போனவரை மறித்துக் கேட்டேன், "எத்தனாவது ஊசி?"

"மூணு."

"சீனியருக்கு எடம் வுடு."

பெஞ்சே அதிரும்படி சிரித்தார். சிரித்து இருமினார். அந்த ஞாயிறு சாக்கை நான் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பிழைத்துக்கொண்டார். இப்போது பிள்ளைகளோடு கிருஷ்ணகிரியில் இருக்கிறார், கட்டில் செய்கிறார்.

சேவல் எட்டு மாதத்தில் நன்றாகக் கூவியது. அக்காவைக் கேட்டேன். "எளசுடா" என்றாள். பத்தாவது மாதம் களத்துக் கோழிகளையெல்லாம் விரட்டியது. "இன்னும் எடை பத்தாது" என்றாள். பன்னிரண்டாவது மாதம் அதன் கொண்டை என் கையளவு இருந்தது. "வாலு மொளைக்கட்டும்" என்றாள். அவளுக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாது. ஒன்றரை வருஷம் என்றால் எவ்வளவு என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

கடைசிச் சளிப் பரிசோதனையில் (சளியில் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது) ஒன்றும் இல்லை. டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்தார். குழி இருந்த இடத்தில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. "ஓடாம இருந்துட்டீங்களே" என்றார். நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன். எடை ஐம்பத்தாறு.

அந்த வாரமே அக்கா சொன்னாள், "சேவல் தயாராயிருச்சு."

முனியப்பன் கோயில் புளிய மரத்தடியில் மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினோம். சேவலை நானே தூக்கி வந்தேன், நானே வெட்டினேன். அதற்கு நன்றி சொன்னேன். அது உரக்கக் கூவிய காலைகளெல்லாம் மறுபடி காதில் கேட்பது போலிருந்தது. முந்தின நாள் மழை. விறகு ஈரம். மாமா விசிறிப் பார்த்தார். புகைதான் வந்தது. அக்கா சட்டியை இறக்கி வைத்தாள். பையிலிருந்து ஊதுகுழலை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"ஊதுடா."

ஒன்றரை வருஷமாக யாரும் என்னை ஊதவிட்டதில்லை. நான் முழங்காலிட்டு, குழலை வாயில் வைத்து, மூச்சை இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. அடிவரை போனது. இடது பக்கம் மேலே ஓரிடத்தில் மட்டும் தைத்த துணி இழுப்பது போல ஓர் இழுப்பு. ஊதினேன். நீளமாக, ஒரே மூச்சில். சாம்பல் பறந்தது, கங்கு சிவந்தது, விறகு பற்றிக்கொண்டது. குழலை எடுத்துவிட்டு இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அக்காவும் காத்திருந்தாள். வரவில்லை என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து, பத்தடி தள்ளி அல்ல, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அன்று என் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்துத் தின்றாள்.

தங்கவேல் அண்ணன் வண்டியில் நான் மறுபடி ஏறவில்லை. கட்டை தூக்கும் வேலை கூடாது என்று டாக்டர் சொன்னார். தொப்பூரில் ரோட்டோரக் கடை ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தேன். வரிசையாக நான்கு மரத்தூள் அடுப்பு. காலையில் இடித்து வைப்பேன். மழைக்காலத்தில் அந்த வெள்ளைக் கோடு இழுக்கும். அப்போது என் உடம்புக்குள் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது. நோய்க்கு முன்னால் எனக்கு உடம்பு என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை, ஓடுவதற்கு இரண்டு கால் மட்டும்தான் இருந்தன.

டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், "சேவல் கொழம்பு ரெடியா? லோடு அவசரம்ப்பா."

சட்டியைத் தொட மாட்டேன். மாவு இன்னும் வெடிக்கவில்லை என்று நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சொல்வேன்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவுங்க. ஒக்காருங்க."